அப்பா போனில் மட்டும் சிங்க் ஆகவில்லை

மார்ச் 3

அன்புள்ள அக்கா,

இன்று காலை நான் முதலில் கவனித்தது ஒரு சுட்டுவிரலை. நகப்பூச்சு பாதி உரிந்திருந்தது. அது நம் சலவைக் கடை டேப்லெட்டின் மேல் கொஞ்சமும் தயங்காமல் எழுத்துகளைத் தட்டிக்கொண்டிருந்தது. மாமா டெலிவரிக்குப் போயிருந்தார். அம்மா பின்கட்டில் மெஷினோடு இருந்தாள். நான் இஸ்திரி மேசையிலிருந்து நிமிர்வதற்குள் அந்த விரலுக்குச் சொந்தக்காரர் டேப்லெட்டைத் திறந்து தன் பெயரைத் தேடியும் எடுத்துவிட்டார். வேறு யாருமில்லை, வீட்டுத் திரைச்சீலைகளை எல்லாம் நம்மிடமே போடுகிற டீச்சரம்மா.

"மூணாவது தட்டுல இருக்குன்னு போட்டிருக்கு. நானே எடுத்துக்கட்டுமா?"

டேப்லெட்டையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"இதுவா? உங்க மாமா தினம் வாசல்ல நின்னு பாஸ்வேர்டைக் கத்துறாரேம்மா. வெள்ளைச்சட்டை, எல்லாம் சின்ன எழுத்து, கடைசியில ரெண்டு. என் பொண்ணுக்குக்கூட மனப்பாடம்."

அம்மாவிடம் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். மாமாவிடம் சொன்னேன். "நல்ல மனுஷிதானே, திறந்தா திறக்கட்டும்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடை மெயில், கரண்ட் பில், அம்மாவின் பேங்க், அப்பா லாரி ஓட்டும் கம்பெனியின் ஆப், அவர் டீசல் போடும் கார்டு எல்லாவற்றுக்கும் அதே வெள்ளைச்சட்டைதான். கடைசியில் வரும் எண் மட்டும்தான் மாறும். எதற்கு எது என்பது என் தலையில் இருக்கிறது. டேப்லெட் பூட்டிக்கொண்டால் என்னைத்தான் கேட்பார்கள். நான் மெதுவாகச் சொல்வேன். மாமா அதை ஊருக்கே சொல்வார்.

எல்லாப் பாஸ்வேர்டையும் ஒரே பெட்டியில் பூட்டி வைக்கிற பாஸ்வேர்டு மேனேஜர் என்று ஒன்று வைத்துக்கொள்ளும்படி நீ போன தடவை சொன்னாயே. தேடிப் பார்த்தேன். வரிசையாக வருகின்றன, ஒவ்வொன்றும் நான்தான் சிறந்தவன் என்கிறது. எதை எடுப்பது? போனில் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன்.

உன் தங்கை


மார்ச் 5

அடியே கோட்டான்,

டீச்சரம்மா விஷயத்தைப் படித்துவிட்டு பட்டறை லாக்கர் அறையில் நின்று என்னையறியாமல் சிரித்தேன். பக்கத்து மேசைக்காரி ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

கேள். பிரவுசரே நினைவில் வைத்துக்கொள்கிறேன் என்று கேட்கும், அதற்குத் தலையாட்டாதே. கடை டேப்லெட் ஒரு ஜாதி, அம்மா போன் இன்னொரு ஜாதி, இரண்டும் ஒன்றோடொன்று பேசாது. எல்லா வகைக் கருவியிலும் ஓடுகிறதைத்தான் எடுக்க வேண்டும். ஒரு இடத்தில் மாற்றினால் மற்ற இடங்களில் தானாக மாற வேண்டும், அதற்குப் பேர்தான் சிங்க். இலவசம் என்று சொல்லிவிட்டு, ஒன்று போனில் வைத்துக்கொள் இல்லை கம்ப்யூட்டரில் வைத்துக்கொள் என்கிறது வேண்டாம். முக்கியமானது இதுதான்: உள்ளே இருப்பதை அந்தக் கம்பெனிக்காரனே படிக்க முடியாததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் மொத்தத்தையும் திறக்கிற மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் அவனாலும் திறந்து கொடுக்க முடியாது. அதற்குத்தான் ஒரு மீட்புச் சாவி தருவார்கள். அதை அச்சடித்துப் பத்திரமாக வை. மாமா கண்ணில் காட்டாதே.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். எங்கள் மூக்குக்கண்ணாடிப் பட்டறையில் பயிற்சிக்கு ஒரு இடம் காலியாகிறது. உன்னைப் பற்றி முதலாளியம்மாவிடம் சொல்லிவிட்டேன். பட்டன் தைத்தால் நூல் பிசகாது, வாயைத் திறந்தால்தான் பிசகும் என்றேன். "அந்த மாதிரி ஆள்தான் வேணும்" என்கிறார். உனக்கே மெயில் போடுவார். மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். பள்ளிக்கூடத்தை அம்மா கை ஆபரேஷனுக்காக விட்டாய். அம்மா கை சரியாகி எவ்வளவு காலமாகிறது? இன்னும் இஸ்திரி மேசையிலேயே நிற்கிறாய்.

ஒரே ஒரு விஷயம். இங்கே காலையில் உள்ளே நுழையும்போது போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். லென்ஸைத் தேய்க்கும்போது மணி அடித்தால் கை ஆடிவிடும். சாயங்காலம்தான் திரும்பக் கிடைக்கும். நீ வந்துவிட்டால் பகலெல்லாம் மாமா யாரிடம் கேட்பார், அப்பா யாரைக் கூப்பிடுவார்? அதனால் அதற்குள் உன் தலையில் இருப்பதை எல்லாம் அந்தப் பெட்டிக்குள் கொட்டிவிடு.

அப்பா எப்படி இருக்கிறார்? உன்னைத்தான் கூப்பிடுகிறார், எனக்கு எங்கே தெரியப்போகிறது.

அக்கா


மார்ச் 9

அன்புள்ள அக்கா,

ஒன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டேன். குடும்பக் கணக்கு உள்ளது. ஆளுக்கு ஒரு தனிப் பெட்டி, எல்லோருக்குமாக ஒரு பொதுப் பெட்டி. நான்தான் கணக்கைத் தொடங்கினேன்.

மாஸ்டர் பாஸ்வேர்டுக்கு ஒன்றோடொன்று சம்பந்தமே இல்லாத நான்கு வார்த்தைகள் வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன். போர்வையை மடித்துக்கொண்டே, "சம்பந்தமில்லாத நாலா? நம்ம வீட்டு ஆளுங்க பேரையே போட்டுட்டா போச்சு" என்றாள். பிறகு உட்கார்ந்து யோசித்து, என்னைத் திரும்பிக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் தட்டினாள். முகம் பரீட்சை எழுதுகிற மாதிரி இருந்தது.

மாமாவும் போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் பின்கட்டிலிருந்து கத்தினார். "குட்டி, என் மாஸ்டர்ல பூசணிக்கு அப்புறம் ஏணியா, தபால்காரனா?" கடையில் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். ஒருவர் "ஏணின்னுதான் நினைக்கிறேன்" என்றார். திரும்ப மாற்ற வைத்தேன்.

அப்பா ஒரு நாள் வந்துவிட்டுப் போனார். அவர் போனிலும் போட்டுக் கொடுத்து எல்லாம் சொன்னேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு கேட்டார். "சரி பாப்பா" என்றார். மறுநாள் லாரியிலிருந்து கூப்பிட்டார். "அந்த டீசல் கார்டு பாஸ்வேர்டு என்ன பாப்பா?" அவர் போனில் சிங்க் ஆகவில்லை போலிருக்கிறது. கடை டேப்லெட்டிலும் பெட்டி காலியாகக் காட்டுகிறது. போட்டதெல்லாம் எங்கே போயிற்று? என்ன செய்வது?

இன்னொன்று. சிரிக்காதே. ஒவ்வொரு பாஸ்வேர்டாக உள்ளே போடும்போது, வீட்டில் என்னிடம் எல்லோரும் வந்து பேசுவதே இதற்காகத்தானே என்று தோன்றியது. எல்லாவற்றையும் கொட்டிய பிறகு என்னை எதற்குக் கூப்பிடுவார்கள்?

பட்டறை முதலாளியம்மா மெயில் போட்டிருக்கிறார். மூன்று முறை படித்தேன். பதில் போடவில்லை.

உன் தங்கை


மார்ச் 12

கோட்டான்,

பயப்படாதே, எதுவும் எங்கேயும் போகவில்லை. டேப்லெட்டில் ஆப்பைத் திறந்து, மேல் மூலையில் எந்த மெயில் முகவரி இருக்கிறது என்று பார். நம் மாமா ஆர்வக்கோளாறில் தன் மெயிலைப் போட்டுப் புதிதாக ஒரு கணக்கைத் தொடங்கியிருப்பார். அது அவருடைய காலிப் பெட்டி. வெளியே வந்துவிட்டு, நீ அனுப்பிய அழைப்பு வழியாக உள்ளே நுழையச் சொல்.

அப்பா போனுக்கு: சார்ஜ் மிச்சம் பிடிப்பதாக நினைத்து டேட்டாவை அணைத்து வைத்திருப்பார். சிக்னல் இருக்கும் இடத்தில் ஆப்பைத் திறந்து விரலால் கீழே இழுத்து விடச் சொல். அவ்வளவுதான்.

சிரிக்கவில்லை. ஆனால் கோபம் வந்தது. உன்னை யாராவது பாஸ்வேர்டுக்காகவா பெற்றார்கள்? நான் கிளம்பும்போது எல்லாருக்கும் எல்லாவற்றையும் செய்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். அப்பா போனில் ரூட் மேப், மருந்து நேரத்துக்கு அலாரம், லைசென்ஸ் புதுப்பிக்கிற தேதி, எதுவும் பாக்கி இல்லை. ஒரு குறையும் வைக்காமல் வந்ததால்தான் நிம்மதியாக வேலை கற்றுக்கொண்டேன். நீயும் அப்படிச் செய். யாரும் உன்னை மறந்துவிட மாட்டார்கள்.

முதலாளியம்மா கேட்டார். "யோசிக்கிறாள்" என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

அக்கா


மார்ச் 17

அன்புள்ள அக்கா,

நீ சொன்னது சரி. மாமாவேதான்.

"எனக்குன்னு ஒரு கணக்கு இருந்தா கௌரவமா இருக்குமேன்னு பார்த்தேன்" என்றார்.

"உனக்குன்னு இருக்கிற ஒரே கணக்கு காலியாத்தான் இருக்கும்டா" என்றாள் அம்மா.

வெளியே வந்து மறுபடி நுழைந்ததும் பொதுப் பெட்டி அப்படியே நிரம்பி வந்தது. மாமா கை தட்டினார். இப்போது வெள்ளைச்சட்டை எங்கேயும் இல்லை. ஒவ்வொன்றுக்கும் ஆப்பே கன்னாபின்னாவென்று ஒன்றைக் கட்டிக் கொடுத்துவிட்டது. என்னாலேயே மனப்பாடம் செய்ய முடியாது. டீச்சரம்மா நேற்று வந்து விரலை நீட்டிவிட்டு, "என்னம்மா, பூட்டிட்டீங்களா?" என்று ஏமாற்றமாகக் கேட்டார்.

ஆனால் அப்பா போனில் மட்டும் சிங்க் ஆகவில்லை. டேட்டாவைப் போட்டு, திறந்து, கீழே இழுக்கச் சொன்னேன். "இழுத்தேன் பாப்பா, ஒண்ணும் வரல" என்கிறார். தினமும் கூப்பிடுகிறார். நான் என் போனில் பார்த்து ஒவ்வொரு எழுத்தாகச் சொல்கிறேன். பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா, நடுவில் வருவது சைபரா, ஓவா என்றெல்லாம் கேட்டுக்கேட்டு எழுதிக்கொள்கிறார். எழுதி முடித்த பிறகும் வைக்க மாட்டார். பிறகு, "இங்க மழை" என்பார். "ம்" என்பேன். "அம்மா?" "கடையில." "சரி, வைக்கிறேன்."

அதனால் நான் வருவது நடக்காது அக்கா. ரோட்டில் இருக்கிற மனுஷன் டீசல் போட முடியாமல் நடுவழியில் நின்றால் என்ன ஆவது? அந்த நேரம் பார்த்து என் போன் லாக்கரில் இருந்தால்? வேறு யாரையாவது எடுத்துக்கொள்ளச் சொல்லி முதலாளியம்மாவிடம் சொல்லிவிடு. எனக்கு அவருக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது.

உன் தங்கை


மார்ச் 19

நான் சொல்ல மாட்டேன். வேண்டாம் என்றால் நீயே எழுது.

அதற்கு முன்னால் ஒன்று செய். குடும்பக் கணக்கைத் தொடங்கியவள் நீ. செட்டிங்ஸில் போனால் யாருடைய கருவி கடைசியாக எப்போது திறந்தது என்று காட்டும். அப்பா போனுக்கு நேராக என்ன இருக்கிறது என்று பார். பார்த்துவிட்டு எனக்கு எழுது.

தினமும் கூப்பிடுகிறாராம். மழை என்று சொல்கிறாராம். எனக்கு இங்கே மழையா வெயிலா என்று அவர் கேட்டு எத்தனை காலமாகிறது தெரியுமா? நானாகக் கூப்பிட்டால், "எல்லாம் சரியா இருக்கும்மா, நீ வேலையைப் பாரு" என்று வைத்துவிடுகிறார்.

கோபத்தில் எழுதுகிறேன். இரண்டு நாள் கழித்துத் திரும்பப் படித்தால் நானே வெட்கப்படுவேன். பரவாயில்லை, அனுப்புகிறேன்.

அக்கா


மார்ச் 21

அக்கா,

பார்த்தேன்.

அப்பாவின் போன், கடைசியாகத் திறந்தது: இன்று காலை. முதலில் நம்பவில்லை. பொதுப் பெட்டியைத் திறந்து கீழே வரை போனேன். நான் போடாத ஒன்று அங்கே இருந்தது. "குளிர்க்கிடங்கு கேட்" என்று பெயர். அப்பா சரக்கு ஏற்றப் போகிற இடம் அது, அவரேதான் சேர்த்திருக்கிறார். பாஸ்வேர்டும் ஆப்பே கட்டிக்கொடுத்த நீளமான ஒன்று. அது எப்படி என்று நான் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவேயில்லை, அவராகக் கண்டுபிடித்திருக்கிறார். அவர் சேர்த்தது என் போனுக்கும் அம்மா போனுக்கும் டேப்லெட்டுக்கும் வந்திருக்கிறது. நான்தான் கீழே வரை பார்க்கவில்லை. சிங்க் முதல் நாளிலிருந்தே ஆகியிருக்கிறது.

அதே காலையில்தான் என்னைக் கூப்பிட்டு டீசல் கார்டு பாஸ்வேர்டு கேட்டார். நானும் எழுத்து எழுத்தாகச் சொன்னேன்.

ஆப்பின் மேல் அவருக்கு நம்பிக்கை இல்லையோ என்று அம்மாவிடம் கேட்டேன். நாங்கள் இருவரும் பெரிய போர்வை ஒன்றை இரண்டு முனையிலும் பிடித்து மடித்துக்கொண்டிருந்தோம். அம்மா தன் முனையோடு என் பக்கம் நடந்து வந்தாள்.

"உனக்கு இப்பத்தான் தெரியுதா?"

"என்ன?"

"வேற என்னன்னு சொல்லி உன்னைக் கூப்பிடுவாரு? எப்படி இருக்கேன்னு கேட்டா 'ம்'ம்பே. சாப்பிட்டியான்னு கேட்டா 'ம்'ம்பே. அதோட போச்சு. பாஸ்வேர்டுன்னா ஒவ்வொரு எழுத்தா வாயைத் திறந்து சொல்லியாகணுமே."

போர்வை முனையை என் கையில் வைத்துவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்விட்டாள். நான் அதைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றேன்.

இப்போது இன்னும் கஷ்டமாகிவிட்டது. டீசல் கார்டு என்றால் வேறு வழி பார்க்கலாம். இதற்கு என்ன செய்வது? பகலில் லாரி நிற்கும்போதுதான் அவர் கூப்பிடுவார். நான் அங்கே வந்துவிட்டால் மணி லாக்கருக்குள் அடித்துக்கொண்டிருக்கும்.

உன் தங்கை


மார்ச் 24

தங்கச்சி,

உன் கடிதத்தை லாக்கர் அறையில் வேலைக்குப் போடும் கோட்டைக் கழற்றாமலே படித்தேன். பஸ்ஸில் மறுபடி படித்தேன். அப்பா கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு, லாரியில் உட்கார்ந்து, தெரிந்த பாஸ்வேர்டையே தெரியாத மாதிரி எழுதிக்கொள்வது கண் முன்னால் வந்தது. எதில் எழுதுவார்? பாதி நேரம் எழுதவே மாட்டார் என்று நினைக்கிறேன். "ம், அப்புறம்? ம், அப்புறம்?" என்று சும்மா கேட்டுக்கொண்டிருப்பார்.

போன கடிதத்தில் கத்திவிட்டேன். உன் மேல் கோபமில்லை. உன்மேல் கொஞ்சம் பொறாமை, அவ்வளவுதான். அவருக்கு என்னிடம் கேட்க ஒன்றுமே இல்லையா என்று இருந்தது. இப்போதும் இருக்கிறது.

இனி வா என்று சொல்ல மாட்டேன். வராதே என்றும் சொல்ல மாட்டேன். இங்கே முதலாளியம்மா எனக்குப் பக்கத்து மேசையைத் துடைத்து வைத்திருக்கிறார். ஜன்னல் பக்கம். நீ கண்ணை நிமிர்த்தாமல் வேலை செய்யலாம், யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். லென்ஸ் விளிம்பு சரியாக வந்தால் மட்டும், "ஆங்" என்பார் முதலாளியம்மா. அதைக் கேட்கவே நன்றாக இருக்கும். இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

நீயே முடிவு செய். எதுவானாலும் நான் உன் பக்கம்தான்.

அக்கா


மார்ச் 27

அன்புள்ள அக்கா,

இன்று மதியம் கடையில் ஆள் இல்லை. அப்பாவின் நம்பரை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தேன். நானாக அவரை ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. மணி போக ஆரம்பித்ததும் கட் செய்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குள் எடுத்துவிட்டார்.

"என்ன பாப்பா? அம்மாவுக்கு ஏதாவது?"

"இல்லப்பா."

"டேப்லெட் திறக்கலையா? எந்தப் பாஸ்வேர்டு?"

"பாஸ்வேர்டு ஒண்ணும் வேணாம்ப்பா."

"அப்புறம்?"

லாரியின் பின்னால் குளிர்ப்பெட்டி மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வைத்துவிடுவாரோ என்று பயந்து, "எங்கப்பா இருக்கீங்க?" என்றேன்.

"எடை போடுற வரிசையில நிக்கிறேன். எனக்கு முன்னால ஒருத்தன் வண்டி நிறைய கோழிக்குஞ்சு ஏத்திட்டு வந்திருக்கான். காது போகுது. கேக்குதா பாரு." போனை ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருப்பார். கேட்டது.

"மாமா மாதிரியே கத்துதுப்பா."

அப்பா சிரித்தார் அக்கா. லாரியிலிருந்து பேசும்போது அவர் சிரித்து நான் கேட்டதே இல்லை. அதன் பிறகு எனக்குக் கொஞ்சம் பேச வந்தது. குளிர்க்கிடங்கு கேட் என்று ஒன்று பெட்டியில் இருக்கிறதே என்று மட்டும் நான் கேட்கவில்லை. அவரும் டீசல் கார்டைப் பற்றிப் பேசவில்லை.

"அக்காவுக்குச் சாயங்காலம்தான் போன் கைக்கு வரும்ப்பா" என்றேன்.

"தெரியும். அவளைக் கூப்பிட்டு என்னன்னு கேக்கறது? எல்லாத்தையும் சரி பண்ணிக் குடுத்துட்டுப் போயிட்டா. ஒண்ணாவது கெட்டுப்போகுமான்னு பார்க்கிறேன், கெடவே மாட்டேங்குது."

"கோழிக்குஞ்சு பத்திச் சொல்லுங்க."

"இதுக்காப்பா போன் பண்ணீங்கன்னு திட்டுவா."

"திட்டட்டும்ப்பா. திட்டுனா ரொம்ப நேரம் பேசுவா."

அதற்கு அவர், "அதுவும் சரிதான்" என்று சொன்னார். நான், "எனக்கும் இனிமே சாயங்காலம்தான்ப்பா போன் கைக்கு வரும். நானே கூப்பிடுறேன்" என்றேன்.

கோழிக்குஞ்சுகள் கத்திக்கொண்டே இருந்தன. "அம்மா சொன்னா. அங்க குளிர் அதிகம். போர்வை ரெண்டா எடுத்துக்க பாப்பா" என்றார். பிறகு பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள், வரிசை நகர்கிறது என்று வைத்துவிட்டார்.

நான் முதலாளியம்மாவின் மெயிலைத் திறந்து, வருகிறேன் என்று எழுதி அனுப்பினேன்.

உன் தங்கை